ஹோட்டல் ஊழியர்களுக்கு விபத்துத் தடுப்புப் பயிற்சி: எதிலிருந்து தொடங்குவது?

கல்லாப்பெட்டி:

வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு நடுத்தரச் சைவ ஹோட்டல், மாடியில் 24 லாட்ஜ் அறைகள். சமையல்கட்டு, சப்ளை, பாத்திரம், ரூம்பாய், வாட்ச்மேன் எல்லாம் சேர்த்து 38 பேர். பாதிக்கு மேல் பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வந்தவர்கள். தமிழ் அரைகுறையாகத்தான் புரியும். இவர்களுக்கு விபத்துத் தடுப்புப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு எனக்கு. ஒருநாள் வகுப்பும் சுவரில் நாலு போஸ்டரும் போதும் என்பது நிர்வாகத்தின் எண்ணம்.

சமையல்கட்டு நிலவரம்: பெரிய கிரைண்டர் மூன்று. வடைச் சட்டி, பூரிச் சட்டி, இரண்டு தோசைக்கல், இட்லி ஸ்டீமர். சாம்பார், ரசம், சாதத்துக்குத் தரையோடு தரையாக அடுப்பு. தரை முழுக்கப் பாலிஷ் போட்ட கிரானைட். 19 கிலோ சிலிண்டர் ஆறு, பக்கத்துச் சிறிய அறையில் இருக்கின்றன. தீயணைக்க ஏபிசி பவுடர் சிலிண்டர் இரண்டு மாட்டியிருக்கிறது.

கேட்க விரும்புவது: எந்த விபத்தை முதலில் கவனிக்க வேண்டும்? எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் இந்த பவுடர் போதுமா? மொழி தெரியாதவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது? அடிபட்டால் பதிவேடு, இ.எஸ்.ஐ. வேலைகள் என்னென்ன? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சரக்குமாஸ்டர்:

போஸ்டரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருக்கிற நிலவரத்திலேயே வழுக்கும் தரை, தரையடுப்பு என்று இரண்டு பெரிய ஆபத்துகள் இருக்கின்றன. அதை அப்படியே விட்டுவிட்டுக் "கவனமாக இரு" என்று வகுப்பெடுத்தால், மதியச் சாப்பாட்டு நெரிசலில் ஒருவனுக்கும் அது நினைவில் நிற்காது.

முதலில் தரை. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பச்சைத் தண்ணீரை விட்டு மாப் போட்டால் பிசுக்கு போகாது. மெல்லிய படலமாகத் தரை முழுக்கப் பரவும். காய்ந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, ஈரக்கால் பட்டதும் ஆளைத் தூக்கி அடிக்கும். சிந்தியதை முதலில் வைப்பரால் வழித்து எடுக்க வேண்டும். பிறகு கிரீஸ் எடுக்கும் சோப்பை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு வெந்நீரில் கலந்து ஊற்றி, 5 முதல் 10 நிமிடம் ஊறவிட வேண்டும். ஊறினால்தான் சோப்பு பிசுக்கைப் பிரிக்கும். ஊற்றிய கையோடு தேய்த்தால் சோப்பும் வீண், உழைப்பும் வீண். அதன்பின் விறைப்பான பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீரில் அலசி, வாய்க்காலுக்குத் தள்ளுங்கள். பரபரப்பான நேரத்தில் எண்ணெய் கொட்டினால் கல்லுப்போ மரத்தூளோ தூவி உறிஞ்சவிட்டு அள்ளிவிடுங்கள். அள்ளும்வரை ஒரு ஆள் அங்கேயே நிற்க வேண்டும்.

கிரானைட்டைப் பெயர்க்க முடியாவிட்டால், அடுப்பு முன்பும் பாத்திரத் தொட்டி முன்பும் கிரைண்டர் பக்கமும் மேல்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள். ஓட்டை போட்ட ரப்பர் பாயும் விரிக்கலாம். ஆனால் அதைத் தினமும் இரவு எடுத்துக் கழுவாவிட்டால் அதுவே பிசுக்கேறி வழுக்கும். வாய்க்கால் மேல் கம்பி மூடி ஆடாமல் உட்கார வேண்டும். ஆடும் மூடியில் கால் போய், கையில் சூடான பாத்திரத்தோடு விழுவது பல இடங்களில் நடப்பதுதான்.

ஹவாய் செருப்பு சமையல்கட்டுக்குள் வரவே கூடாது. முன்பக்கம் மூடிய, எண்ணெய் தாங்கும் ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும். கயிறு இல்லாத மாதிரி நல்லது. உள்ளே கொதிநீர் போனால் உதறிக் கழற்றிவிடலாம். பாத்திரம் கழுவுபவர்கள் கம்பூட் (முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ்) போட்டால் பேன்ட்டை பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் வெந்நீர் நேராக பூட்ஸுக்குள் இறங்கித் தேங்கிவிடும்.

அடுத்தது தரையடுப்பு. நீங்கள் எழுதியதில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். 2022 ஜூலையில் மதுரை பழங்காநத்தத்தில் ஆடிக் கூழ் காய்ச்சிய அண்டாவில் ஒருவர் தவறி விழுந்து இறந்தார். 2023 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கல்யாணத்தில் பரிமாறும் வேலைக்கு வந்த கல்லூரி மாணவர் கொதிக்கும் ரச அண்டாவில் விழுந்து, பிழைக்கவில்லை. அண்டாவின் விளிம்பு முழங்கால் உயரத்தில் இருந்தால், தடுக்கியவர் நேராக உள்ளேதான் போவார். விளிம்பு இடுப்புக்கு மேல் வருகிற மாதிரி மேடையை உயர்த்துங்கள். அது முடியும்வரை மூன்று பக்கமும் இரும்புக் கம்பித் தடுப்பு வையுங்கள். இறக்கிய அண்டாவை நடைபாதையில், தரையில் வைக்கவே கூடாது. தாழ்ந்த தள்ளுவண்டி ஒன்று வாங்கி, மூடி போட்டு, சக்கரத்தைப் பூட்டி வைக்க வேண்டும்.

40 லிட்டர் சாம்பார் என்றால் பாத்திரத்தோடு 45 கிலோவைத் தாண்டும். இரண்டு ஆள், இரண்டு காது, முன்னால் வழிவிடச் சொல்ல மூன்றாவது ஆள். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. நடக்கும்போது அலைமோதி வழிவதுதான் கையையும் தொடையையும் சுடும். பிடித்துணி காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈரத்துணி சூட்டைச் சட்டென்று கடத்தும், பாதி வழியில் கையை விட்டுவிடுவார்கள். அடுப்புக்கு அடுப்பு துணி மாட்ட ஆணி அடித்து, மேசை துடைக்கும் துணியை அந்தப் பக்கமே வராமல் பாருங்கள்.

சாதம் வடிப்பதில் அண்டாவைச் சாய்ப்பதுதான் ஆபத்து. உள்ளே ஓட்டைக் கூடை வைத்துத் தூக்கும் பாத்திரமோ, அடியில் குழாய் வைத்த பாத்திரமோ வாங்குங்கள். கஞ்சி குழாய் வழியாக வாய்க்காலுக்கு இறங்கிவிடும். ஸ்டீமரைத் திறப்பவர் முதலில் நீராவி வால்வை மூடி, ஒரு நிமிடம் பொறுத்து, கதவைத் தனக்குக் கேடயமாக வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நின்று திறக்க வேண்டும்.

வடைச் சட்டியில் எண்ணெய் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஈரச் சாரணி, கழுவித் துடைக்காத தட்டு, மேலே எக்ஸாஸ்ட் கூண்டிலிருந்து சொட்டும் தண்ணீர் மூன்றும் எண்ணெயைச் சீறவைக்கும். பண்டிகை நேரத்தில் சீடை போடுகிறவர்கள் மாவை நன்றாகச் சலித்து, ஒவ்வொன்றையும் ஊசியால் குத்திப் போட வேண்டும். உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல்தான் சீடை வெடித்து முகத்தில் எண்ணெய் தெறிக்கிறது.

கிரைண்டர்: ஓடும்போது மாவைக் கையால் தள்ளிவிடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். நீளக் கைப்பிடி மரத்துடுப்பு ஒன்று ஒவ்வொரு கிரைண்டருக்கும் சங்கிலியில் கட்டித் தொங்கட்டும். துப்பட்டா, முந்தானை, தொங்கும் ஏப்ரன் கயிறு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் அருகே வரக் கூடாது. துணி குழவியில் சுற்றினால் கழுத்தை இழுத்துவிடும், அணைக்க நேரம் இருக்காது. பெல்ட் மூடி கழன்றிருந்தால் அந்த கிரைண்டரை ஓட்டாதீர்கள். கழுவும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கித் தன் கண்ணில் படும்படி வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

மூன்று கிரைண்டரும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். சாதாரண எம்சிபி சுவிட்ச் அளவுக்கு மீறி மின்சாரம் பாயும்போது ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆர்சிசிபியில் "டி" என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் உடனே விழ வேண்டும், விழாவிட்டால் மாற்றிவிடுங்கள். அது இருந்தாலும் எர்த் ஒயர் சரியாக இருக்க வேண்டும். பிளக் பாயின்ட் இடுப்புக்கு மேல், தண்ணீர் தெறிக்காத மூடியோடு இருக்கட்டும்.

அரிவாள்மணையை வேலை முடிந்ததும் மடக்கி, அலகு சுவரைப் பார்க்கிற மாதிரி வையுங்கள். கத்தியைச் சோப்பு நுரைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போவது பாத்திரம் கழுவுபவரின் கைக்கு வைக்கிற வேட்டு. மொட்டைக் கத்திதான் அதிகம் வழுக்கி வெட்டும். தினமும் சாணை பிடியுங்கள்.

எண்ணெய் பற்றினால் இருக்கிற ஏபிசி பவுடரே போதும் என்பது என் எண்ணம். கூடவே ஒரு வாளி மணலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீலச்சிலிண்டர்:

தரை, தரையடுப்பு பற்றி மேலே சொன்னது அத்தனையும் சரி. கடைசி இரண்டு வரியை மட்டும் மறுக்கிறேன், அது உயிர் விஷயம்.

வடை பொரியும் எண்ணெய் 170 முதல் 190 டிகிரியில் இருக்கும். அடுப்பை மறந்து விட்டுப்போனால் புகைந்து, சுமார் 340 டிகிரியைத் தாண்டியதும் தீப்பொறி எதுவும் இல்லாமல் தானே பற்றிக்கொள்ளும். ஏபிசி பவுடர் சுவாலையை அடக்கும், எண்ணெயின் சூட்டைக் குறைக்காது. பவுடர் படிந்ததும் காற்று பட்டு மறுபடி பற்றும், அதற்குள் சிலிண்டர் காலியாகியிருக்கும். பக்கத்தில் நின்று அடித்தால் அதன் வேகமே எரியும் எண்ணெயை வெளியே தெறிக்க வைக்கும். மணலை வாரிக் கொட்டினாலும் அதே கதி. ஈர மணல் என்றால் இன்னும் மோசம். தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் நீராவியாக விரியும். அது எண்ணெய்க்கு அடியில் போய் விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும்.

செய்ய வேண்டிய வரிசை இது. கேஸ் வால்வை மூடு; வால்வு தீக்குப் பின்னால் இருந்தால் வெளியில் உள்ள மெயின் வால்வை மூடு. சட்டியைவிடப் பெரிய தட்டை மூடியை முன்பக்கமிருந்து சரித்து நகர்த்தி மூடு. எக்ஸாஸ்ட்டை நிறுத்து. சட்டியை ஒரு அங்குலம்கூட நகர்த்தாதே. அரை மணி நேரமாவது மூடியைத் திறந்து பார்க்காதே. இதற்கென்று பிடி வைத்த தகர மூடி ஒன்றைச் சட்டிக்கு அருகில், கையெட்டும் சுவரில் மாட்டுங்கள். மூடியால் முடியாவிட்டால் எண்ணெய்த் தீக்கென்றே உள்ள வெட் கெமிக்கல் தீயணைப்பான், அதாவது "கே" வகை, வேண்டும். அதிலுள்ள பொட்டாசியம் உப்புக் கரைசல் எண்ணெயோடு சேர்ந்து சோப்பு நுரைபோல மேலே மூடும், சூட்டையும் இறக்கும். வடைச் சட்டி, பூரிச் சட்டி இரண்டுக்கும் சேர்த்து 6 லிட்டரில் ஒன்று. அடுப்பிலிருந்து 9 மீட்டருக்குள், வாசல் பக்கமாக மாட்டுங்கள். தீயைத் தாண்டிப்போய் எடுக்கிற இடத்தில் மாட்டினால் பயனில்லை. ஏபிசி பவுடர் மற்ற தீக்கு இருக்கட்டும்.

எக்ஸாஸ்ட் கூண்டிலுள்ள தகர ஃபில்டரைத் தினமும் இரவு கழற்றிக் கழுவுங்கள். குழாயின் உட்புறத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுரண்டியெடுக்க ஆள் வையுங்கள். சட்டியில் எரியும் சுவாலை அந்தப் பிசுக்கைத் தொட்டுவிட்டால் தீ குழாய் வழியாக மாடி அறைகளுக்கு ஏறும். உங்களுக்கு மேலே 24 அறை இருக்கிறது.

இனி கேஸ். ஆறு சிலிண்டர், 19 கிலோ வீதம், 114 கிலோ. ஓரிடத்தில் 100 கிலோவுக்கு மேல் எல்பிஜி வைத்திருந்தால் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமம் வேண்டும். 5 சிலிண்டர் என்றால் 95 கிலோ, எல்லைக்குள் வரும். ஒன்றைக் குறையுங்கள் அல்லது முறைப்படி கேஸ் பேங்க் (சிலிண்டர்களுக்கென்றே தனி அறை) கட்டி உரிமம் வாங்குங்கள். அவசரத்துக்கு வீட்டுச் சிவப்புச் சிலிண்டரை மாட்டுவது சட்டவிரோதம். அதோடு அதன் ரெகுலேட்டர் இந்த அடுப்புகளுக்கு ஏற்றதே இல்லை.

எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது. தரையோடு ஊர்ந்து, வாய்க்காலிலும் பள்ளத்திலும் தேங்கும். காற்றில் வெறும் 2 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். ஆகவே சிலிண்டர் அறைக்குத் தரைமட்டத்தில் காற்றுத்துளை வேண்டும், ஜன்னல் மேலே இருந்தால் உதவாது. கசிவுக் கருவியையும் தரையிலிருந்து ஒரு அடிக்குள் மாட்டுங்கள். பின்னாளில் குழாய் இயற்கை எரிவாயுவுக்கு மாறினால் இது தலைகீழாகும். அது காற்றைவிட இலேசு, கருவி கூரைக்கு அருகே போக வேண்டும்.

உச்ச நேரத்தில் சிலிண்டர் மேல் பனி படிந்து சுவாலை குறையும். அப்போது சிலிண்டரைப் படுக்கப் போடுவது, வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துவது, கவிழ்த்து வைப்பது எல்லாம் பல ஹோட்டல்களில் நடக்கிறது. படுக்கப் போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் வரும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயு ஆகும், பர்னரில் ஆள் உயரத்துக்குச் சுவாலை எழும்பும். பனி படிகிறது என்றால் ஒரு சிலிண்டரிலிருந்து அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று பொருள். பல சிலிண்டர்களை ஒன்றாக இணைக்கும் குழாயான மேனிஃபோல்டில் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் சிலிண்டர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் வழி.

சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் வாஷரைப் பார்த்து, இணைப்பில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழ் வந்தால் கசிவு. தீக்குச்சி காட்டிச் சோதிக்கிறவன் கையில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ரப்பர் ட்யூபில் தேதி அச்சிட்டிருக்கும். 5 ஆண்டு தாண்டக் கூடாது, வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். பட்டி அடுப்பை (பெரிய பர்னர் உள்ள ஹோட்டல் அடுப்பை) பற்றவைக்கும்போது லைட்டர் முதலில், கேஸ் அடுத்து. பற்றவில்லை என்றால் உடனே மூடி, 5 நிமிடம் காற்றாடவிட்டுத்தான் மறுபடி.

வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. மெயின் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்கு அழைக்க வேண்டும். தீ என்றால் 101 அல்லது 112.

கல்லாப்பெட்டி:

மிக்க நன்றி. சிலிண்டர் அறையில் ஒரு பழைய ஃப்ரீசரும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை எழுத விட்டுப்போயிற்று. லாட்ஜ் பக்கம் பாத்ரூமுக்கு ஆசிட், ப்ளீச்சிங் இரண்டும் பயன்படுத்துகிறார்கள். பின்னால் கழிவுநீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, அடைத்தால் நம் ஆட்களே திறந்து பார்ப்பார்கள். இதிலும் வழி சொல்லுங்கள்.

நீலச்சிலிண்டர்:

ஃப்ரீசரை இன்றே அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். கம்ப்ரஸர் ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் ரிலேயில் பொறி வரும், அதுவும் தரைக்குப் பக்கத்தில். அந்த அறையில் சாதாரண சுவிட்ச், பிளக் எதுவும் இருக்கக் கூடாது. விளக்கு சுவிட்சை அறைக்கு வெளியே மாற்றுங்கள்.

வெள்ளைவிரிப்பு:

லாட்ஜ் பக்கம் நான் சொல்கிறேன். ரூம்பாய்க்கு வேலை இலகு என்று நினைத்து எந்தப் பயிற்சியும் கொடுக்காமல் விடுகிறார்கள். மூடிய பாத்ரூமுக்குள் தனியாக ரசாயனத்தோடு நிற்பவர் அவர்தான்.

ஆசிடும் ப்ளீச்சிங்கும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கழிப்பறை கழுவும் பெரும்பாலான திரவங்களில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கோப்பையில் அதை ஊற்றி ஊறவிட்டு, தரைக்கு ப்ளீச்சிங் தெளித்தால் இரண்டும் ஓடும் தண்ணீரில் கலந்துவிடும். கண் எரிச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம் என்று தொடங்கி நுரையீரலில் நீர் கோப்பது வரை போகலாம். அந்தக் கடுமை சில மணி நேரம் கழித்தும் வெளிப்படும். ஆகவே வெளியே வந்ததும் சரியாகிவிட்டது என்று அனுப்பாமல் மருத்துவமனையில் காட்டுங்கள். ப்ளீச்சிங்கோடு அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் சேரக் கூடாது.

நடைமுறையில் எளிய வழி, ஒரே தள்ளுவண்டியில் இரண்டையும் வைக்காமல் இருப்பது. ஆசிடுக்குச் சிவப்பு வாளி, ப்ளீச்சிங்குக்கு நீல வாளி, இரண்டு வேறு நாள். முடிந்தால் ஆசிடையே நிறுத்திவிடலாம். உப்புக்கறைக்கு சிட்ரிக் ஆசிட் கரைசல் பெரும்பாலும் போதும், அதையும் ப்ளீச்சிங்கோடு சேர்க்காமல். காலித் தண்ணீர் பாட்டிலில் ஆசிடோ, அடுப்புக் கரி எடுக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலோ ஊற்றி வைப்பதை முற்றிலும் தடை செய்யுங்கள். தாகத்தில் எடுத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். கலக்கும்போது தண்ணீரில்தான் ரசாயனத்தை ஊற்ற வேண்டும், ரசாயனத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். துணி முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. எக்ஸாஸ்ட் ஓடி, கதவு திறந்திருக்க வேண்டும்.

அறைக் குப்பைக் கூடையைக் கையால் அமுக்காதீர்கள். சவர பிளேடு, உடைந்த கண்ணாடி, சிலசமயம் இன்சுலின் ஊசி இருக்கும். பையின் கழுத்தைப் பிடித்து உடம்பிலிருந்து தள்ளித் தூக்க வேண்டும். படுக்கை விரிப்பையும் மார்போடு அணைத்து அள்ளக் கூடாது. உயரத்து டைல்ஸ் துடைக்கத் தொட்டி விளிம்பிலும் கமோடிலும் ஏறி நிற்கிறார்கள். நீளக் கம்புப் பிரஷ் வாங்கிக் கொடுத்தால் ஏற வேண்டிய தேவையே இருக்காது. கீழிருந்து மாடிக்குச் சாப்பாடு அனுப்பும் சிறு லிஃப்ட் இருந்தால், கதவு திறந்திருக்கையில் அது நகராதபடி பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மேலே வந்துவிட்டதா என்று தலையை உள்ளே நீட்டிப் பார்ப்பது உயிரைப் பறிக்கும்.

கழிவுநீர்த் தொட்டிக்கு வருகிறேன். இதில் பயிற்சி கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் ஆட்கள் யாரும் அதில் இறங்கவே கூடாது, மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கவும் கூடாது. தொட்டிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடியதும் மூக்கின் நுகர்வையே மரக்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் சில மூச்சில் சுருண்டு விழுகிறார். அவரைத் தூக்க இரண்டாமவர், அவரைத் தூக்க மூன்றாமவர் என்று வரிசையாகச் சாகிறார்கள். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் ஒரு விடுதியின் தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் அப்படித்தான் இறந்தார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இறப்புக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அடைத்தால் கழிவுநீர்த் தொட்டிக்கான உதவி எண் 14420க்கு அழைத்து, உரிமம் உள்ள லாரியை வரவழையுங்கள். மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

காயக்கட்டு:

முதலுதவியும் இ.எஸ்.ஐ.யும்.

சூடுபட்டால் குழாய்த் தண்ணீருக்கு அடியில் 20 நிமிடம். ஒரு நிமிடம் காட்டிவிட்டு எடுத்தால் தோலுக்குள் இறங்கிய சூடு உள்ளே வெந்துகொண்டே இருக்கும். 60 டிகிரித் தண்ணீரே 5 விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். சாம்பார், பாயசம், அல்வா ஒட்டிக்கொண்டு நிற்பதால் இன்னும் ஆழம் போகும். ஐஸ் வைக்கக் கூடாது. தோசை மாவு, பற்பசை, பேனா மை, மஞ்சள், முட்டை வெள்ளை எதையும் தடவக் கூடாது. மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். மோதிரம், வளையல், மெட்டி, கைக்கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். நனைந்த சூடான துணியை உடனே களையுங்கள். தோலோடு ஒட்டிய பகுதியை மட்டும் சுற்றி வெட்டி அப்படியே விடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். ஆறிய பின் சமையல்கட்டிலேயே கிடைக்கும் சுத்தமான கிளிங் ஃபிலிமை (உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை) சுற்றாமல் மேலே பரப்பினாற்போல வைத்து அனுப்பலாம்.

அடிபட்டவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்பில் சுமார் 1 சதவீதம். சுட்ட இடம் அதைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு பட்டிருந்தாலோ 108ஐ அழையுங்கள். சென்னையில் என்றால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊரில் எங்கே என்று முன்கூட்டியே விசாரித்து, எண்ணோடு கல்லாவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஷாக் அடித்தவரை மெயினை அணைக்காமல் தொடக் கூடாது. எழுந்து நடந்தாலும் ஈசிஜி எடுக்க அனுப்புங்கள், இதயத் துடிப்பு பின்னால்கூடத் தடுமாறும். கண்ணில் ரசாயனம் பட்டால் இமையை விரித்துப் பிடித்து 20 நிமிடம் ஓடும் தண்ணீர். விரல் துண்டாகிவிட்டால், ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு கெட்டு, ஒட்டவைக்க முடியாமல் போகும்.

38 பேர் என்பதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உங்களுக்குக் கட்டாயம், 10 பேரிலிருந்தே வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள ஒவ்வொருவரையும், "தற்காலிகம்" என்று நிற்பவரையும் வடமாநிலத்தவரையும் சேர்த்து, சேர்ந்த அன்றே பதியுங்கள். முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. வேலையில் நேர்ந்த காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அதற்கு அடிப்படை விபத்துப் பதிவேடு. பெயர், நேரம், இடம், என்ன செய்துகொண்டிருந்தார், யார் பார்த்தார், என்ன காயம் என்று அன்றைக்கே எழுதி, இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை அனுப்புங்கள். "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று மாற்றி எழுதினால் அந்தத் தொழிலாளி வாழ்நாள் உதவியையே இழப்பார். இதில் ஏமாற்றுகிற இடங்களைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது.

இன்னொரு நோட்டும் போடுங்கள். காயம் படாமல் தப்பிய சம்பவங்களுக்கு. வழுக்கித் தொட்டியைப் பிடித்துக்கொண்டவர், கிரைண்டரில் லேசாக ஷாக் உணர்ந்தவர். நடந்ததை வந்து சொல்பவரைத் திட்டவோ சம்பளம் பிடிக்கவோ கூடாது, அப்படிச் செய்தால் அடுத்த வாரமே நோட்டு வெறுமையாகிவிடும்.

சரக்குமாஸ்டர்:

பவுடர், மணல் பற்றி நீலச்சிலிண்டர் திருத்தியதை ஏற்றுக்கொள்கிறேன். அவர் சொன்ன வரிசையையே சொல்லிக்கொடுங்கள்.

மொழிப் பிரச்சினைக்கு: ஒருநாள் வகுப்பு வேண்டாம். மதியச் சாப்பாடு ஓய்ந்து மாலை டிபன் தொடங்குவதற்கு முன், மூன்றரை மணிவாக்கில், வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் போதும். ஒரு தடவைக்கு ஒரு பொருள்தான். கிரைண்டர் என்றால் கிரைண்டர் பக்கத்திலேயே நின்று, ஒருவர் செய்து காட்ட, மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிச் செய்ய வேண்டும். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள், வெறும் சட்டியை மூடியால் மூடிக் காட்டச் சொல்லுங்கள், மெயின் வால்வு எங்கே என்று ஓடிப்போய்த் தொடச் சொல்லுங்கள். கூட்டத்தில் மூத்த இந்திக்காரர் ஒருவரும் ஒடியா பேசுபவர் ஒருவரும் முன்கூட்டியே உங்களோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டு, தங்கள் ஆட்களுக்குச் சொல்லட்டும். அதற்கென்று சம்பளத்தில் ஏதாவது சேர்த்துக் கொடுங்கள்.

சூடான பாத்திரத்தோடு நடப்பவர் எல்லோரும் "சூடு, சூடு" என்று ஒரே சொல்லைத்தான் கத்த வேண்டும். ஆளுக்கொரு மொழியில் கத்தினால் ஒதுங்குவதற்குள் மோதிவிடுவார்கள். சப்ளையர் உள்ளே வரும் கதவும் வெளியே போகும் கதவும் தனித்தனி. ஒரே கதவு என்றால் கண் மட்டத்தில் கண்ணாடி பதியுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவரை முதல் இரண்டு வாரம் எண்ணெய்ச் சட்டிக்கும் கிரைண்டருக்கும் தனியாக விடாதீர்கள். டபுள் டூட்டி பார்த்தவரை மறுநாள் காலை வடை போட நிறுத்தாதீர்கள்.

வேலையை இந்த வரிசையில் தொடங்கலாம். இன்றே ஃப்ரீசரை அகற்றுவது, ஆறாவது சிலிண்டரைத் திருப்பி அனுப்புவது, சட்டிக்கு மூடி மாட்டுவது, கழிவுநீர்த் தொட்டிக்குப் பூட்டு. இந்த வாரத்துக்குள் ஆர்சிசிபி, தரையடுப்புக்குக் கம்பித் தடுப்பு, ஷூ, இரவில் வெந்நீர்ச் சோப்புக் கழுவல். மாதக் கடைசிக்குள் வெட் கெமிக்கல் தீயணைப்பானும் தள்ளுவண்டியும். மேடையை உயர்த்த இரண்டு மூன்று நாள் சமையல்கட்டை மூட வேண்டியிருக்கும். கூட்டம் குறைந்த நாட்களாகப் பார்த்து இப்போதே தேதி வாங்கிவிடுங்கள். கொத்தனார் வரும்போது மேடை விளிம்பில் இரண்டு அங்குலம் உயர்த்தி வரம்பு வைக்கச் சொல்லுங்கள். அண்டா ஆட்டத்தில் முன்னால் நழுவி வராது.